அது சிறுத்தையும் அல்ல, இன்காவும் அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு இணைப்பில் தென் அமெரிக்கப் பழங்கால மண்பாண்டங்களுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். படத்தையும் பெரிதாகப் போட்டிருந்ததால் கலத்தின் நுணுக்கமெல்லாம் தெரிந்தது. அந்தத் தெளிவே படக்குறிப்பைக் காட்டிக்கொடுத்துவிட்டது. "இன்கா மக்கள் வணங்கிய சிறுத்தைத் தெய்வக் குடம்" என்று ஆறு சொற்கள். இதில் 'மக்கள்' ஒன்றுதான் தேறும்.

சிறுத்தையில் தொடங்கலாம். அமெரிக்கக் கண்டங்கள் இரண்டிலுமே சிறுத்தை கிடையாது. அங்கே புள்ளி போட்ட பெரிய பூனை என்றால் ஜாகுவார். நம் மொழிபெயர்ப்புகளில் ஜாகுவார் சிறுத்தையாகவும் பியூமா சிங்கமாகவும் லாமா ஒட்டகமாகவும் மாறிவிடுவது பழைய வழக்கம். (லாமா ஒட்டகக் குடும்பம்தான் என்பதால் கடைசிப் பிழையை மட்டும் மன்னிக்கலாம்.) பானையில் இவற்றைப் பிரித்துப் பார்ப்பது அவ்வளவு கடினமில்லை. ஜாகுவாரின் உடம்பில் வளையம் வளையமாகப் புள்ளி. பல வளையங்களுக்கு நடுவிலும் ஒரு பொட்டு இருக்கும். ஒரு சாண் உயரக் கலத்தில் குயவர் அத்தனையையும் வரைய மாட்டார், வளையத்தை மட்டும் இழுத்துவிட்டுப் போவார். வளர்ந்த பியூமாவுக்குப் புள்ளியே இல்லை. ஓசிலாட் என்ற சிறிய காட்டுப்பூனைக்குப் புள்ளிகள் நீண்டு, சங்கிலி போலக் கோத்துக்கொண்டு வரும். கழுத்தில் கோடுகள் ஓடும். பம்பாஸ் பூனைக்குக் கால்களில் பட்டை. குயவர் ஒன்றின் காதையும் மற்றதன் வாலையும் கலந்து செய்த கலங்களும் உண்டு. அப்படிப்பட்ட இடத்தில் 'பூனை இன விலங்கு' என்று நிறுத்திக்கொள்வதே நேர்மை. உங்கள் படத்தில் அந்தச் சந்தேகம் எழவில்லை. சிவப்பு மேனியில் வெள்ளை வளையங்கள் தெளிவாக இருக்கின்றன.

விலங்கின் பெயர் முதலில் சரியாக வந்தால்தான் மற்ற எதையும் பேச முடியும் என்பதால்தான் இவ்வளவும். ஜாகுவார் பெருவின் பாலைவனக் கடற்கரை விலங்கு அல்ல, ஈரக்காட்டு விலங்கு. மணலும் கடலுமாக வாழ்ந்த மக்கள் மலைக்கு அப்பாலுள்ள காட்டின் விலங்கைக் களிமண்ணில் கொண்டுவந்து வைத்தார்கள் என்பதே இந்தக் கலத்தில் பார்க்க வேண்டிய முதல் விஷயம். 'சிறுத்தை' என்று எழுதிய கணத்தில் அது காணாமல் போகிறது.

அடுத்து 'தெய்வம்'. பூனைக்கு முன்னால் ஒரு மனிதன் உட்கார்ந்திருக்கிறான். கட்டுரை அவனை 'பக்தன்' என்கிறது. அவன் கழுத்தைப் பாருங்கள், கயிறு இருக்கிறது. கைகள் முதுகுக்குப் பின்னால் போயிருக்கின்றன. தலையில் அணி எதுவும் இல்லை. இந்தக் கலத்தைச் செய்தவர்கள் இன்காவுக்கு முற்பட்ட மோச்சே மக்கள் (அதற்குப் பின்னால் வருகிறேன்). மோச்சே ஓவியங்களில் போர்க்காட்சி கிட்டத்தட்ட ஒரே முறையில்தான் வரும்: வீரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதுவார்கள், தோற்றவனின் தலைக்கவசம் விழும், வென்றவன் அவன் முடியைப் பிடிப்பான், ஆடையும் ஆயுதமும் பறிபோகும், கழுத்தில் கயிறு ஏறும். கயிறு ஏறியவன் கைதி. அவன் தோளில் முன்கால்களை வைத்து நிற்கும் ஜாகுவார், அவனுக்கு நேரப்போவதைச் சொல்கிறது. இது வெறும் கற்பனைக் காட்சியும் அல்ல. வாக்கா டி லா லூனா என்ற மோச்சே கோயில் வளாகத்தில் 1995-ல் தொடங்கிய அகழாய்வில், பலியிடப்பட்ட 70-க்கும் மேற்பட்டோரின் எலும்புகள் கிடைத்தன. கூடவே கழுத்தில் கயிறோடு அமர்ந்த ஆண்களின் சுடுமண் உருவங்களும் நொறுங்கிய நிலையில் கிடைத்தன.

கலத்தில் விலங்கு இருந்தால் அது தெய்வம் என்ற அவசரம் உங்கள் கட்டுரையில் மட்டும் உள்ள குறையல்ல, உலகமெங்கும் இருக்கிறது. மோச்சே குயவர்கள் இயல்பான விலங்கையும் இயல்புக்கு அப்பாற்பட்டதையும் நன்றாகவே பிரித்துக் காட்டினார்கள். வாத்து வாத்தாகவே இருக்கும்; அதே வாத்துக்கு மனித உடலும் கேடயமும் கதாயுதமும் கொடுத்தால் அது வேறு உலகத்துப் போர்வீரன். மனித முகத்தில் கோரைப்பல் நீட்டிக்கொண்டு, இடுப்பில் பாம்புத்தலைக் கச்சையும் இருந்தால் அப்போது 'தெய்வம்' என்ற சொல்லை எடுக்கலாம். உங்கள் படத்துப் பூனைக்கு இருப்பது பூனைக்குரிய பல்தான்.

மான் கலத்தைப் பற்றிக் கட்டுரை ஒரே வரியில் 'வேட்டைக் காட்சி' என்று முடித்துவிட்டது. ஆனால் சுவையான பகுதி அதுதான். ஓவியத்தில் மானை வலைக்குள் ஓட்டுகிறார்கள், புள்ளி போட்ட நாய்கள் துரத்துகின்றன. வேட்டைக்காரர் உடையோ வேட்டைக்குப் போகிற உடை அல்ல. பெரிய தலையணி, காதணி, முகத்தில் சாயம், கையில் ஈட்டி எறிகோல். புதரில் மாட்டிக்கொண்டு கிழிந்துபோகிற அலங்காரம் அத்தனையும். மோச்சே குடியிருப்புகளின் குப்பைமேடுகளைத் தோண்டினால் லாமா எலும்பும் மீன்முள்ளும் சிப்பியும் வருகின்றன, மான் எலும்பு மிகக் குறைவு. ஆக, வயிற்றுக்காக மட்டும் ஆடிய வேட்டை அல்ல அது. அதே மான் வேறு கலங்களில் மனிதனைப் போலச் சம்மணமிட்டு, கழுத்தில் கயிறோடு உட்கார்ந்திருக்கிறது. கைதியும் மானும் ஒன்றுக்கொன்று மாற்றாக நிற்கிறார்கள். வேட்டையில் மானின் நாக்கு வெளியே தொங்குவதையும் குயவர் விடவில்லை. ஓடிக் களைத்த மானை அருகிலிருந்து பார்த்த கை அது.

கடற்சிங்கம் இன்னொன்று. கரையோரப் பாறையில் அதைக் கதாயுதத்தால் அடிக்கும் காட்சியில், அதன் வாயருகே உருண்டையாக ஏதோ இருக்கும். பந்து என்றோ பழம் என்றோ எழுதிவிடுவது எளிது. கடற்சிங்கத்துக்குக் கரையிலுள்ள கூழாங்கல்லை விழுங்கும் பழக்கம் உண்டு. வயிற்றிலிருந்து வரும் அந்தக் கல்லுக்கு மருத்துவ சக்தி இருப்பதாக வட பெருவின் நாட்டு வைத்தியர்கள் நமது காலத்திலும் நம்பினார்கள். கல்லைத் தெரிந்தவருக்குத்தான் ஓவியத்தின் உருண்டை புரியும்.

ஆந்தைக் கலத்துக்கு 'அபசகுனத்தின் சின்னம்' என்று விளக்கம் வந்திருக்கிறது. அது நம் ஊர் ஆந்தை. மோச்சே கலங்களில் முக்காடு போட்ட ஆந்தைமுகப் பெண் நோயாளியின் பக்கத்தில் அமர்ந்து வைத்தியம் பார்க்கிறாள். பலிச்சடங்கு ஓவியத்தில் கோப்பையை நீட்டுவதும் பறவை முகமுள்ள ஓர் உருவம்தான். வட பெருவில் மோச்சே கல்லறைகள் உள்ள சிபானில், 1987-ல் தொல்லியலாளர் வால்டர் அல்வா தலைமையில் தொடங்கிய அகழாய்வில் இரண்டாம் கல்லறையைத் திறந்தபோது, சிறகு விரித்த ஆந்தை பொறித்த, பொன்முலாம் பூசிய செப்புத் தலையணியோடு ஒருவர் கிடந்தார். கலத்தில் வரைந்த வேடத்தை அணிந்து வாழ்ந்த ஆளே மண்ணுக்குள் இருந்தார். அபசகுனத்துக்கு இத்தனை மரியாதை கிடைக்காது.

நரி, வௌவால், உடும்பு போன்ற இகுவானா, நண்டு, சிலந்தி எல்லாவற்றுக்கும் இப்படித் தனித்தனிக் கதை இருக்கிறது. கடிதத்தில் இடமில்லை.

'இன்கா' என்ற சொல்லுக்கு வருகிறேன். படத்திலிருப்பது மோச்சே; பெருவின் வட கடற்கரையில் ஏறக்குறைய கி.பி. 200 முதல் 850 வரை இருந்த பண்பாடு. இன்கா அரசு அந்தக் கடற்கரைக்கு வந்தது 1470 வாக்கில், அதுவும் அப்போது அங்கே ஆண்ட சீமூ அரசை வென்று. இடையில் அறுநூறு ஆண்டுகள். இன்கா குயவர்கள் விலங்கை இவ்வளவு தாராளமாகக் கையாளவில்லை. அவர்களுடைய பெரிய மக்காச்சோளக் கள் ஜாடியில் நீண்ட கழுத்து, கூம்பிய அடி, உடம்பெல்லாம் கட்டமும் கோடும். தோளில் மட்டும் ஒரு சின்ன விலங்குத் தலை குமிழ் போல எட்டிப் பார்க்கும். அதற்கும் வேலை உண்டு. முதுகில் சுமக்கும்போது இரு பக்கக் காதுகளில் நுழைத்த கயிறு வழுக்காமல் அந்தத் தலையில் மாட்டிக்கொள்ளும்.

கடைசிச் சொல் 'குடம்'. வாய் அகன்ற குடம் அல்ல இது, மூக்கு வைத்த கெண்டி. உடம்பின் மேல் வளைந்த குழாய் ஒன்று இரண்டு கால் ஊன்றி நிற்கிறது. வளைவின் உச்சியில் ஒற்றை மூக்கு. குதிரைச் சேணத்தில் கால் ஊன்றும் வளையமான அங்கவடியைப் போல இருப்பதால் ஆய்வாளர்கள் அங்கவடி மூக்கு என்கிறார்கள். ஸ்பானியர் 1532-ல் வரும்வரை அந்த நாட்டில் குதிரையே இல்லை என்பது வேறு விஷயம். கி.மு. ஆயிரத்துக்கு முன்பே இந்த வடிவம் வடகரையில் தோன்றி, பண்பாடுகள் மாறியபோதும் மாறாமல் வந்தது. மூக்கு குறுகலாக இருப்பதால் பாலைவன வெயிலில் நீர் சீக்கிரம் ஆவியாகாது. வளைவையே கைப்பிடியாகப் பிடிக்கலாம்.

செய்முறை தெரிந்தால் படத்தைப் பார்க்கும் கண்ணே மாறும். முதலில் கெட்டியான களிமண்ணில் விலங்கின் முழு உருவத்தைச் செய்து சுட்டுக்கொள்வார்கள். அதன் மேல் ஈர மண்ணை முன்பாதி, பின்பாதி என்று அப்பி எடுத்தால் இரண்டு அச்சு. அவற்றையும் சுட்டபின், மணல் கலந்து பிசைந்த மண்ணைத் தகடாக்கி ஒவ்வொரு பாதிக்குள்ளும் விரலால் அழுத்துவார்கள். அச்சு ஈரத்தை உறிஞ்ச, மண் சற்றே சுருங்கித் தானாக விட்டுவரும். பாதி காய்ந்த பதத்தில் இரண்டையும் சேர்த்து, பொருத்தின கோட்டைத் தேய்த்து மறைப்பார்கள். காது, தலையணி, வால் போன்றவை பிறகு கையால் ஒட்டப்படும். மூக்குக் குழாய்க்கு மண் தகட்டைக் குச்சியில் சுற்றி, குச்சியை உருவிவிடுவார்கள். உடம்பில் துளையிட்டுக் குழாயை ஒட்டியபின் வெள்ளை, சிவப்பு மண்பூச்சு, கூழாங்கல் மெருகு, பிறகு சுடுதல்.

தவறு நடக்கும் இடங்களும் இங்கேதான். உடம்பைவிடக் குழாய் ஈரமாக இருந்தால் இரண்டும் ஒரே அளவில் சுருங்காது, ஒட்டின இடத்தில் மயிரிழை வெடிப்பு விழும். விலங்கின் தலையை உருண்டையாக அடைத்துவிட்டால் உள்ளே தங்கிய ஈரம் சூட்டில் ஆவியாகி வெளியேற வழியின்றித் தலையைத் தெறிக்கவிடும். அதனால் தலையைக் குடைந்து உடம்போடு இணைப்பார்கள், அல்லது கண்ணுக்குப் படாத இடத்தில் ஊசித்துளை விடுவார்கள். பூச்சு மண்ணும் உடம்பு மண்ணும் ஒத்துப்போகாவிட்டால் பூச்சு செதில் செதிலாகக் கழன்றுவிடும். விறகு கலத்தைத் தொட்ட இடத்தில் கருமேகம் போலக் கறை நிற்கும். பல அருங்காட்சியகக் கலங்களில் அந்தக் கறையை இன்றும் பார்க்கலாம்.

ஒரே அச்சில் பல கலங்கள் வந்ததால், ஒரே முகமுள்ள 'சகோதரக் கலங்கள்' வெவ்வேறு அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. முகம் ஒன்றுதான், பூச்சும் ஓவியமும் வேறு வேறு. போலியைப் பிடிப்பதற்கும் அச்சே உதவும். களிமண் காய்ந்து சுட்டபின் பத்தில் ஒரு பங்கு அளவுக்குச் சுருங்கும். பழைய கலத்திலிருந்து அச்செடுத்துச் செய்த நகல், மூலம் 24 செ.மீ. என்றால் 21 அல்லது 22-க்குள் நின்றுவிடும். அச்செடுத்த பின் காதின் விளிம்பும் மீசைக் கோடும் மழுங்கியிருக்கும்.

மூக்கைப் பார்த்து மோச்சே கலங்களை ஐந்து காலக்கட்டங்களாகப் பிரிக்கும் முறையைப் பெருவின் தொல்லியலாளர் ரஃபேல் லார்கோ ஹொய்லே 1948-ல் வெளியிட்டார். முதல் கட்டத்தில் மூக்கு குட்டையாக, வாயில் தடித்த விளிம்போடு இருக்கும். இரண்டாவதில் விளிம்பு மெலியும். மூன்றாவதில் மேலே போகப்போக விரியும். நான்காவதில் நீண்டு நேராக நிற்கும். ஐந்தாவதில் உச்சி நோக்கிச் சிறுத்துப்போகும். வடக்குப் பள்ளத்தாக்குகளுக்கு இந்த வரிசை அப்படியே பொருந்துவதில்லை என்று பின்வந்த ஆய்வாளர்கள் காட்டினார்கள். ஆனாலும் முதல் பார்வைக்கு இதைவிட எளிய கருவி இல்லை. உங்கள் படத்தில் மூக்கு நீண்டு நேராக இருக்கிறது: நான்காம் கட்டம்.

இரண்டாவது படமான கருப்புக் குரங்குக் கலத்துக்கு, 'கருஞ்சாயம் பூசப்பட்டது' என்று எழுதியிருக்கிறீர்கள். வளைவும் மூக்கும் சேரும் இடத்தில் சின்னக் குரங்கு உட்கார்ந்திருப்பது சீமூ கலத்தின் முத்திரை. கருமை சூளையிலிருந்து வருவது. பாதி காய்ந்த கலத்தைக் கூழாங்கல்லால் பளபளவெனத் தேய்த்துவிட்டுச் சுடுவார்கள். கடைசிக் கட்டத்தில் ஈரச் சாணமோ மண்ணோ போட்டுக் காற்றை அடைப்பார்கள். மண்ணிலுள்ள இரும்பு ஆக்சிஜனை இழந்து கருக்கும், புகைக்கரியும் ஏறும். முழுதாக ஆறுவதற்கு முன் சூளையைத் திறந்தால் காற்றுப் பட்ட பக்கம் திரும்பச் சிவந்து திட்டுத் திட்டாகிவிடும். சூடு மிஞ்சினால் மெருகு மங்கும். மோச்சேயின் மெல்லிய கருங்கோட்டு ஓவியம் சிலவற்றில் நிலைமை வேறு: தாவரச் சாயத்தால் சுட்டபின் வரைந்து, லேசாகக் கருக்கியிருக்கிறார்கள்.

இந்த வேறுபாடு வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. 'பழங்கலங்களைத் தண்ணீரில் ஊறவைத்தால் உப்பு போய்விடும்' என்று கட்டுரை ஓரத்தில் ஒரு பெட்டிச்செய்தி இருந்ததால் இதைச் சொல்கிறேன். கடற்கரை மணலில் புதைந்திருந்த கலத்தில் உப்பு இருப்பது உண்மை. மழைக்கால ஈரத்தில் அது கரையும்; வறண்டதும் பூச்சுக்கு அடியில் படிகமாகிப் பூச்சை நெம்பித் தள்ளும். நன்றாகச் சுட்ட பூச்சுள்ள கலத்தைக் காய்ச்சி வடித்த நீரில் வைத்து, நீரை மாற்றி மாற்றி, ஒவ்வொரு முறையும் அதன் மின்கடத்துதிறனை அளந்து உப்பை இறக்கலாம். ஆனால் தென்கரைப் பாராக்காஸ் பண்பாட்டுக் கலங்களில் பூனைமுகக் கோடுகளைக் கீறி, சுட்டபின் பிசின் கலந்த வண்ணத்தை நிரப்பியிருப்பார்கள். அதை நீரில் போட்டால் உப்போடு பூனையும் போய்விடும். சுட்டபின் வரைந்த கருங்கோட்டுக்கும் அதே ஆபத்து. வண்ணம் சூளைக்கு முந்தியதா பிந்தியதா என்று தெரியாதவரை ஒரு சொட்டு நீர்கூடப் படக்கூடாது.

ஊதற்கலம் பற்றிய பத்தியில் 'புல்லாங்குழல் போல வாசித்தார்கள்' என்பதும் திருத்த வேண்டியது. வாயால் ஊதினாலும் ஒலி வரும் என்றாலும் அதன் சூட்சுமம் நீரில் இருக்கிறது. இரண்டு அறைகள், அடியில் ஒரு குழாய் இணைப்பு, மேலே ஒரு பாலம். ஓர் அறையில் மூக்கு. மற்றதன் உச்சியில் பறவையோ குரங்கோ, அதன் தலைக்குள் சிறிய ஊதல். பாதியளவு நீர் ஊற்றிச் சாய்த்தால் நீர் மறு அறைக்குப் பாய்ந்து அங்கிருந்த காற்றை ஊதல் வழியாகத் தள்ளும், பறவை கூவும். மெதுவாகச் சாய்த்தால் ஒன்றும் கேட்காது; நீர் அதிகமானால் தள்ளுவதற்குக் காற்று இருக்காது; ஊதலின் விளிம்பில் பூச்சு அடைத்திருந்தால் வெறும் மூச்சுச் சத்தம்தான். இதையெல்லாம் நகலில் செய்து பார்க்கலாம், மூலக்கலத்தில் கூடாது.

தென் பெருவின் பாலைத் தரையிலுள்ள நாஸ்கா கோட்டுருவங்களுக்கு வேற்றுக்கிரகவாசிகளை அழைத்திருந்த பத்தியைப் பற்றி ஒரு வரி மட்டும். தரையில் சுமார் 93 மீட்டருக்கு நீளும் ஓசனிச்சிட்டும் (ஹம்மிங்பேர்டு), அங்கேயே வரையப்பட்டிருக்கும் கொலைகாரத் திமிங்கிலமும் அதே ஊர்க் குயவர்களின் பலவண்ணக் கலங்களிலும் இருக்கின்றன. வரைந்தவர்களின் முகவரி பானையிலேயே கிடைத்துவிடுகிறது.

திருத்தம் வெளியிடுவதானால் படக்குறிப்பு இப்படி அமையலாம்: "கைதியும் ஜாகுவாரும். அங்கவடி மூக்குக் கெண்டி, மோச்சே பண்பாடு, லார்கோவின் நான்காம் கட்டம், பெருவின் வட கடற்கரை. அச்சில் அழுத்திய சுடுமண், வெள்ளை, சிவப்பு மண்பூச்சு." உயரமும் பதிவெண்ணும் படம் வாங்கிய இடத்தில் கேட்டால் தருவார்கள். லிமாவிலுள்ள லார்கோ அருங்காட்சியகத்தின் பட்டியல் இணையத்தில் திறந்தே கிடக்கிறது. அடுத்த முறை படக்குறிப்பு எழுதுமுன் அங்கே ஒப்பிட்டுப் பார்க்க அரைமணி நேரம் போதும்.

இப்படிக்கு,
வாசகர், சென்னை